மகளைப் பற்றிய ஜெபக் குறிப்பு

திங்கட்கிழமை

அம்மாடிக்கு, அப்பாவின் ஸ்தோத்திரம்.

இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் நேற்று சபையில் கொஞ்சம் மானத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன் அம்மா போனில் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அவள் சொன்னால் இரண்டு பங்கு சேர்த்துத்தான் சொல்வாள்.

நம் போதகர் மாறிவிட்டார். புதிதாக வந்தவருக்கு உன் தம்பியைவிட இரண்டு வயதுதான் கூட. மீசை இப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பின்னறையில் ‘வளர்ச்சி வகுப்பு’ என்று ஒன்று நடத்துகிறார். பன்னிரண்டு வாரம். விசுவாச வாழ்க்கையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது எப்படி என்று பாடம். ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டுத் தாளில் வீட்டுப்பாடம் வேறு. இது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான வகுப்பு. நான் ஞானஸ்நானம் எடுத்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ஆனாலும் போய் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலேயே எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தவனுக்கு இதில் என்ன வெட்கம்?

முதல் நாள் போதகர் சொன்னார்: ஆளுக்கொரு தாளில், உங்களால் விட முடியாத ஒரு குறையை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம், கலைத்துப் போட்டு ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிப்போம். எல்லோரும் நோட்டிலிருந்து வெள்ளைத் தாள் கிழித்தார்கள். என் சட்டைப் பையில் இருந்தது என்னுடைய பில் புத்தகம். அதிலிருந்து ஒன்றைக் கிழித்து, ‘என் நாக்கை என்னால் அடக்க முடியவில்லை’ என்று எழுதி, மடித்துப் போட்டேன்.

அது கண்ணாடிக் கடைக்காரர் மனைவி கைக்குப் போனது. போன மாதம்தான் சபைக்கு வந்த அம்மா. வெள்ளை மனசு. எதையும் பாதியில் விடாமல் முழுசாகச் சொல்கிற பழக்கம். எழுந்து நின்று கணீரென்று வாசித்தாள்: “எல்லாவிதக் குழாய் வேலைகளும் செய்து தரப்படும். அடைப்பு, கசிவு, மோட்டார் ரிப்பேர். உடனே அழைக்கவும்.” பிறகு என் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். அப்புறம்தான் நாக்கு விஷயம். கடைசியில், அடியில் அச்சடித்திருந்த “நன்றி, மீண்டும் வருக” என்பதையும் விடவில்லை. வாசித்து முடித்துவிட்டு, “பேரு போட வேணாம்னு சொன்னாங்களே, இவரு விலாசமே குடுத்திருக்காரே!” என்றாள். போதகர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்து ஜெபிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் ஒருவர் வந்து, அவர் வீட்டுக் குளியலறையில் கசிவு இருக்கிறது, எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

போகட்டும். நான் ஏன் அப்படி எழுதினேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் செய்ததை மழுப்பாமல் ஒருமுறை எழுதிப் பாருங்கள் என்று போதகர் சொல்லியிருக்கிறார். ஆகையால் உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை, நீ என்னிடம் ஒரு விஷயம் சொன்னாய். மனசு சரியில்லாமல் டாக்டரிடம் போவதாகவும், மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுவதாகவும் சொன்னாய். அம்மாவிடம்கூடச் சொல்லாதீங்கப்பா என்றாய். சரி என்றேன். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில், யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டார்கள். என் கை தானாக மேலே போனது. மகளுக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆண்டவருக்கு விவரம் போதாது என்று நினைத்தேனோ என்னவோ, டாக்டர் பெயர், மாத்திரை, நீ அழுதது எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்திரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். கண்ணை மூடினால் காது இன்னும் கூர்மையாகிவிடும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை உன் கல்யாணப் பேச்சு நின்றது. அடுத்த மாதம் நீ இரண்டு பையோடு பஸ் ஏறினாய். ஊரில் உள்ள கசிவையெல்லாம் அடைக்கிறவன், என் வாய் ஒன்றை அடைக்கத் தெரியாமல் உன்னைத் தொலைத்துவிட்டேன்.

இதுதான் நான் செய்தது. எழுதிவிட்டேன். எழுதியதால் மனசு லேசாகும் என்றார் போதகர். ஆகவில்லை. அவர் சின்னவர், போகப் போகத் தெரிந்துகொள்வார்.

முதல் வார வீட்டுப்பாடம்: எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றி ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருப்பது. நான் காலை எட்டரை வரைக்கும் தாக்குப்பிடித்தேன். எட்டரைக்குப் பைப் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் மச்சான் கடையைப் பிரித்துக்கொண்டு போன கதையை ஆரம்பித்தார். நான் பேசவில்லை, ‘அப்புறம்?’ என்று மட்டும்தான் கேட்டேன். ஒன்பது தடவை கேட்டிருப்பேன். தம்பியிடம் இதைச் சொன்னேன். மொபைலுக்குள் தலையை விட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நீங்க சும்மா இருந்தாலே போதும்ப்பா, அதுவே பெரிய ஊழியம்” என்றான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுகிறாள். ஞாயிறு நாலு மணிக்கு உன் போன் வரும்போது மட்டும் அந்தக் கால் எப்படித்தான் ஓடுகிறதோ. நான் சமையலறையில் நின்றுகொள்கிறேன். நீ பேசுவது எனக்குக் கேட்காது. அம்மா பேசுவதிலிருந்து நீ என்ன சொல்லியிருப்பாய் என்று கூட்டிக் கழித்துக்கொள்வேன். பிள்ளைகள் பள்ளியில் வேலை கிடைத்தது அப்படித்தான் எனக்குத் தெரியும். மூன்று வயசுப் பிள்ளைகள் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்களா என்று திருப்பிக் கேட்டு அம்மா சிரித்தாள். நானும் சுவரைப் பார்த்துச் சிரித்தேன்.

நான் வாங்கினால் போன் கட்டாகிவிடுகிறது. காகிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குமுன் ஒரு வரியாவது கண்ணில் படாதா என்றுதான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தடவை, போனை அப்பாகிட்ட குடுங்கம்மா என்று சொல். திட்டினாலும் சரி. உன் குரலில் திட்டு கேட்டு ஒரு வருஷமாகிறது.

கர்த்தர் உன் வாசலையும் வகுப்பறையையும் காக்கட்டும்.

அப்பா

*

ஞாயிற்றுக்கிழமை

அம்மாடிக்கு, ஸ்தோத்திரம்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அவசரம்தான் காரணம். இன்று உன் அப்பா நான் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறேன்.

வகுப்பில் இது ஆறாவது வாரம். நடுவில் மறைவாக உதவி செய்வது என்று ஒரு பாடம் வந்தது. யாருக்கும் தெரியாமல் சபைக் கழிப்பறைக் குழாயை மாற்றினேன். மாற்றிவிட்டு, “குழாய் சரியாயிடுச்சு போலிருக்கே, யார் செஞ்சாங்கன்னு தெரியலையே” என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்றாவது ஆள் போதகர். “தெரியலைங்கய்யா. ஆனா அவரு ரெஞ்சை உள்ளயே வச்சுட்டுப் போயிட்டாரு” என்று என் கையில் கொடுத்தார். அதில் என் பெயர் செதுக்கியிருக்கிறது.

போன வாரப் பாடம்தான் முக்கியமானது. நாம் யாருக்குத் தீங்கு செய்தோமோ, அவரிடமே போய், சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். தாளை வாங்கியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உன் ஊருக்குப் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். கிளம்புகிறேன் என்றேன். போனாலும் கதவைத் திறக்க மாட்டாள், அவ வேலைக்குப் போற எடத்துல போய் நின்னு மானத்த வாங்காதீங்க என்று அம்மா தடுத்துவிட்டாள். போதகரைக் கேட்டேன். அவர், “ஐயா, இது அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும். அவங்க கேக்கத் தயாராகுற வரைக்கும் காத்திருக்கணும்” என்றார்.

காத்திருப்பது எனக்கு வராத வேலை. ஒழுகுகிற குழாயை அன்றைக்கே அடைத்துப் பழக்கப்பட்டவன். வாரம் முழுக்க யோசித்தேன். ஒரு யோசனை வந்தது. நான் பாவம் செய்தது எங்கே? சபையில். அப்படியென்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதும் சபையில்தானே? உன்னைக் கெடுத்த அதே வாயால், அதே ஜனங்களுக்கு முன்னால் உன்னை நிமிர்த்த வேண்டாமா? யார் மறுக்க முடியும், சொல்.

இன்று சாட்சி நேரத்தில் கையைத் தூக்கினேன். மைக்கைக் கொடுத்தார்கள். அம்மாடி, நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. நீ என்னை நம்பிச் சொன்னதையும், நான் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊரெல்லாம் பரப்பியதையும், கல்யாணப் பேச்சு நின்றதையும், நீ தனியாக எங்கேயோ கிடந்து மாத்திரையோடு வாழ்க்கையை ஓட்டுவதையும் சொன்னேன். குற்றம் என்னுடையது, என் பிள்ளை தங்கம் என்று சொன்னேன். அவள் இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து நிமிர்ந்து நிற்கிறாள் என்று ஊர் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் பெருமையாகச் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. பாதிச் சபை அழுதது. பின்வரிசையில் வழக்கமாகத் தூங்குகிற பெரியவர்கூட மூக்கை உறிஞ்சினார்.

இறங்கி வரும்போது எத்தனை பேர் கையைப் பிடித்தார்கள் தெரியுமா! கண்ணாடிக் கடைக்காரர் மனைவி உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு, “நானும் என் சொந்தக்காரங்களும் இனிமே ஒரு நாள்கூட விடாம உங்க பொண்ணுக்காக ஜெபிப்போம்க்கா” என்றாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். உணர்ச்சிவசப்பட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். போதகர் மட்டும் கையைப் பிடிக்கவில்லை. மைக்கின் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

உன் தம்பி சாப்பிடும்போது, “முன்னாடி இருபத்திரண்டு பேரு. இப்ப இருநூறு. வகுப்புல நல்லாவே வளர்றீங்கப்பா” என்றான். அவனுக்கு ஆவிக்குரிய காரியம் எப்போது புரிந்திருக்கிறது? ஆனாலும் மறுசோறு வாங்காமல் எழுந்துவிட்டேன்.

மணி மூன்றே முக்கால் ஆகிறது. இன்னும் கால் மணி நேரத்தில் உன் போன் வரும். அம்மா உன்னிடம் இதைச் சொன்னால், ஒருவேளை, ஒருவேளைதான், நீ போனை என்னிடம் கொடுக்கச் சொல்வாய். அதற்காகச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சட்டை தெரியாது என்று அம்மா சொல்கிறாள். இருக்கட்டும்.

கர்த்தர் நம் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கட்டும்.

அப்பா

*

வெள்ளிக்கிழமை

அம்மாடிக்கு,

ஆறு வாரமாக நான் எழுதவில்லை. எழுதுவதற்கு முகமில்லை என்பார்களே, அதுதான். முகத்தைக் காட்டாமல் எழுதலாம் என்பதால்தான் கடிதம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக்கூட முகமில்லாமல் போனது.

நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் மனைவிதான் வந்து சொன்னாள். நம் வீட்டு முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் முழுசாகச் சொன்னாள். அவள் தங்கை உன் ஊரில்தான் இருக்கிறாளாம். தங்கையின் பிள்ளை உன் வகுப்பில்தான் படிக்கிறதாம். நான் மைக்கில் பேசிய அன்று சாயங்காலமே தங்கைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். “உன் பிள்ளைக்கு டீச்சரா இருக்கறது எங்க சபைக்காரரு பொண்ணுதான். பாவம், மனசு சரியில்லாத பொண்ணு. நல்லா பாத்துக்கோ, அவளுக்காக ஜெபம் பண்ணு” என்று சொன்னாளாம். அன்பாகத்தான் சொல்லியிருக்கிறாள். தங்கை அன்பாகவே தலைமை ஆசிரியையிடம் போய், அந்த டீச்சருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற இரண்டு அம்மாக்கள் காதில் விழுந்திருக்கிறது. அவர்கள் தங்கள் பிள்ளைகள்மேல் உள்ள அன்பினால் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் தலைமை ஆசிரியை உன்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்கம்மா என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதில் கெட்டவர் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கெட்டவனாவது இருந்தால் பழியில் கொஞ்சம் அவன் தோளுக்கு மாற்றலாம். தேடிப் பார்த்தேன். நான்தான் இருக்கிறேன்.

அந்த அம்மா சொல்லி முடித்துவிட்டு அழுதாள். நானே அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அவளை அனுப்பிவிட்டு அம்மா கதவைச் சாத்தினாள். ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னாள். “அன்னிக்கு ஜெபக் கூட்டத்துல நானும்தான் கண்ண மூடிட்டு உக்காந்திருந்தேன். பெத்தவ நான். எம்பொண்ணுக்கு என்னன்னு எனக்கு அந்த எடத்துலதான் தெரியணுமா?” என்றாள். அம்மாடி, இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இருபத்திரண்டில் ஒன்று உன் அம்மா என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நீ கடைசியாகப் போனில் சொன்னதையும் அன்றுதான் சொன்னாள். “அப்பாகிட்ட சொல்லுங்கம்மா, இனிமே என்கிட்ட மன்னிப்பு கேக்க வேணாம்னு. அவரு கேக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஊரு போயிடுது.” இதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். என்னுடைய சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் மடித்தாள்.

இப்போது ஞாயிறு நாலு மணிக்குப் போன் வருவதில்லை. பழைய நம்பர் இல்லை. மூன்றே முக்காலுக்கு அம்மா வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து உட்கார்கிறாள். நாலரைக்கு எழுந்து போகிறாள். நான் சமையலறையில் நிற்பதில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் நின்று என்ன பண்ணுவது? தம்பி என்னைக் கிண்டல் செய்வதையும் நிறுத்திவிட்டான். அவன் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறான். அதைவிட அவன் என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

நீ மாறிப்போன புது ஊரின் விலாசம் அம்மாவிடம் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் தேடவில்லை. வீட்டில் தனியாக இருந்த நாட்களிலும் தேடவில்லை. பன்னிரண்டு வாரத்தில் உருப்படியாக நான் செய்த வீட்டுப்பாடம் அது ஒன்றுதான். அதை எந்தத் தாளிலும் கொடுக்கவில்லை. எழுதித் தருகிறேன், அனுப்புவாயா என்று அம்மாவைக் கேட்டேன். “எழுதுங்க. ஒட்டிக் குடுங்க. அனுப்புவேன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். ஆகவே இது உன் கைக்கு வருமா, அலமாரியில் கிடக்குமா, அடுப்புக்குப் போகுமா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

வளர்ச்சி வகுப்பு முடிந்துவிட்டது. முடித்தவர்களுக்குச் சபையில் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது நான் வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தேன். தொட்டி நிரம்பிக் கால் மணி நேரமாகியிருந்தது. போதகர் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வசனம் சொல்வார், பொறுமை பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். “ஐயா, இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல” என்றார். பிறகு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெபம் பண்ணலாமா என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து போகும்போது என் கையை மட்டும் பிடித்தார். பன்னிரண்டு வாரத்தில் அவர் நடத்தியதில் எனக்கு முழுசாகப் புரிந்த பாடம் அந்த அரை மணி நேரம்தான். ஆனால் அதை ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது எனக்கு நடத்தியிருக்க வேண்டும்.

இன்று ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். போகாமலிருந்தால் அதையும் பேசுவார்கள் என்று போனேன். வழக்கம்போல, யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்பது கழுத்திலேயே தெரிந்தது. கடைசியில் ஒருவர் மெதுவாக, “அண்ணே, பொண்ணுக்காக ஜெபிக்கலாமா?” என்றார். வேண்டாம் என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அந்த அறையில் நான் பேசியதிலேயே சின்ன வார்த்தை அதுதான். யாருடைய மகனுக்கோ வேலை, யாருடைய வீட்டுக்கோ கிணறு என்று ஜெபித்தார்கள். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்டவரிடம் கேட்பதற்கும் எனக்கு ஒன்றும் வரவில்லை. உன் பெயரை எடுத்தாலே ஏதாவது உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். கேட்கவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொல் என்று முன்பு எழுதினேனே, அதையும் இத்தோடு விட்டுவிடுகிறேன். நீ எங்கே இருந்தாலும், அங்கே உன்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாமல் இருக்கட்டும். மாத்திரையை நிறுத்தாதே. புது டாக்டரைப் பிடித்துவிட்டாயா? கர்த்தர் உன்னை அந்தரங்கமாய்க் காக்கட்டும். நான் இல்லாத இடத்தில் காக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதுவதால் எதுவும் சரியாகப் போவதில்லை. போன வேலை திரும்பி வராது, நீயும் வர மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தப் புதன்கிழமை நான் நம் வீட்டு சிங்க்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, அடைப்பெடுத்துக்கொண்டிருந்தேன். உன் பாதம் இரண்டும்தான் எனக்குத் தெரிந்தது. “அப்பா, வெளிய வராதீங்க. அப்படியே படுத்துக் கேளுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா என்னால சொல்ல முடியாது” என்றாய். காலையில் எழுந்தால் தலை சீவக் கை தூக்க முடியவில்லை என்றாய். உள்ளே எல்லாவற்றையும் யாரோ காலி பண்ணிவிட்டமாதிரி இருக்கிறது என்றாய். சில சமயம் என் நினைப்பைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது என்றாய். நீ சொல்லி முடித்ததும் நான் அவசர அவசரமாக வெளியே வந்து, ஜெபிப்போம் என்றேன். வராதீங்க என்று நீ சொன்னதைக்கூடக் கேட்கவில்லை.

உனக்கு நாலு வயது இருக்கும்போது எனக்கு எட்டு மாதம் மஞ்சள் காமாலை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். காமாலை இல்லை. காமாலை என்று நான்தான் சொன்னேன். சொன்ன பொய்க்காக எட்டு மாதம் எண்ணெய் இல்லாமல் வேகவைத்ததைத் தின்றேன். காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்து போட்டுவிடப் பார்ப்பாய், மாற்றி மாற்றிப் போடுவாய். ஒருநாள் மத்தியானம் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி கழுவப் போனேன். தொட்டியைக் கழுவி, நிரப்பி, அது வழிந்து என் காலை நனைத்துக்கொண்டிருந்தது. நான் மாடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே நின்ற காவல்காரன், “யோவ், தண்ணி தலையில ஊத்துதுய்யா, தூங்குறியா?” என்று கத்தினான். அந்தத் திட்டுதான் என்னைக் கீழே இறக்கியது. படி வழியாக.

இதை நான் உன் அம்மாவிடம் சொன்னதில்லை. போதகர்கள் எத்தனை பேர் மாறினார்கள், ஒருவரிடமும் சொன்னதில்லை. முப்பத்தொரு வருஷமாக எத்தனையோ ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறேன், இதைக் கொடுத்ததில்லை. உன்னுடையதை மட்டும் இரண்டு நாளில் கொடுத்துவிட்டேன். உன்னைப் பற்றிச் சொல்லும்போது, என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று உள்ளே ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கு அந்தச் சிங்க்குக்கு அடியில், உன் பாதத்தைப் பார்த்தபடி படுத்திருந்தபோது, ஜெபிப்போம் என்ற வார்த்தை எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. தொண்டைவரை வந்தது. ரெஞ்சைப் பிடித்த கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அதை விழுங்கிவிட்டேன். அதை மட்டும் சொல்லிவிட்டு, வெளியே வராமல், அப்படியே படுத்திருந்திருக்கலாம்.

எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அம்மாடி.

அப்பா